"எஃப்எம் இருக்கு அங்கிள்!"

பத்து நாளாக ஒரு ரேடியோப் பெட்டிக்காக அலைகிறேன். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் எந்தக் கடையில் ஏறினாலும் பையன் எடுத்து நீட்டுவது புளூடூத் ஸ்பீக்கர். பென் டிரைவ் செருகலாமாம், மெமரி கார்டு போடலாமாம், பாட்டுக்குத் தகுந்தபடி நாலு கலரில் விளக்கு மின்னுமாம். "எஃப்எம் இருக்கு அங்கிள்!" என்று சிபாரிசு வேறு. மீடியம் வேவ் இருக்கா தம்பி என்று கேட்டால், ஏதோ புது வியாதியின் பெயரைச் சொன்ன மாதிரி விழிக்கிறான்.

எஃப்எம்மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அது நேர்கோட்டில் போகிற அலை, நூறு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பெங்களூர் நிலையங்கள் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வந்தாலும் கன்னடமும் இந்தியும்தான். கோலார் தங்கவயலில் இருந்துகொண்டு தமிழ் கேட்க வேண்டுமானால் ராத்திரி மீடியம் வேவ்தான் கதி. பொழுது சாய்ந்த பிறகு அந்த அலை வானத்தில் முட்டித் திரும்பிவரும். சென்னை வானொலி அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. பெட்டியைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படித் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அது வந்துகொண்டிருந்த பெட்டி அப்பாவுடையது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தவர் அவர். போனஸ் பணத்தில் வாங்கிய டிரான்சிஸ்டர். ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தால், சிற்றலையில் இலங்கை வானொலி. அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் குடியிருப்பவர்கள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். பெட்டி இல்லாத வீட்டார் எங்கள் திண்ணையில் இருப்பார்கள். லைன் வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமா, வாயும் உண்டு. ஒரு பெட்டி பாடினால் நாலு வீடு கேட்கும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு புத்தகம் உண்டு. ரேடியோ லைசென்ஸ். வருஷா வருஷம் தபாலாபீஸில் 15 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பாட்டுக் கேட்பதற்கு வரியா என்று அப்பா முணுமுணுப்பார், ஆனால் தவறாமல் கட்டுவார். இப்போது நினைத்தால் அதில் ஒரு மரியாதை இருந்தது. இந்த வீட்டில் ஒரு ரேடியோ இருக்கிறது என்று சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. சுதந்திரம் வந்த 1947-ல் நாடு முழுக்க ஆறு நிலையம், சுமார் 2.75 லட்சம் பெட்டி என்று சொல்ல முடிந்ததும் அந்தப் புத்தகங்களின் தயவுதான். 1960களில் யுனெஸ்கோ, ஆசியா ஆப்பிரிக்கா நாடுகளில் நூறு பேருக்கு ஐந்து பெட்டியாவது வேண்டும் என்று ஒரு குறைந்தபட்சம் வகுத்தது. நாம் அதற்கு வெகு கீழே கிடந்தோம். சீனாவில் ஊர் ஊராகக் கம்பி இழுத்து ஒலிபெருக்கி கட்டினார்கள், தமிழ்நாட்டில் பஞ்சாயத்து ரேடியோ வைத்தார்கள். பிறகு டிரான்சிஸ்டர் மலிந்தது. மாட்டுவண்டியிலும் டீக்கடையிலும் பாட்டு கேட்டது. 1980களில் லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள்.

வரி போனது, கூடவே கணக்கும் போனது. அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் வாசலில் நின்று கேட்டால்தான் உண்டு. 2001 கணக்கில் நூற்றுக்கு 35 வீட்டில் ரேடியோ. 2011-ல் 19.9. டிவி அதே பத்து வருஷத்தில் 31.6-லிருந்து 47.2-க்கு ஏறிவிட்டது. 2021-ல் எண்ண வேண்டியதை எண்ணவேயில்லை.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் எது தெரியுமா? அகில இந்திய வானொலி தன் பெருமையாகச் சொல்கிற கணக்கு. நாட்டின் பரப்பில் 92 சதவீதம், மக்களில் 99.19 சதவீதம் பேரைத் தன் ஒலிபரப்பு எட்டுகிறதாம். அந்த 0.19-ஐக்கூட விட்டுவிடாமல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! எட்டட்டும், சந்தோஷம். வாங்கிக்கொள்ளப் பெட்டி எங்கே? பந்திக்குச் சாப்பாடு வந்துவிட்டது, இலையைத்தான் காணோம்.

போனில் கேளுங்கள் என்கிறான் மகன். முன்பெல்லாம் போனில் எஃப்எம் இருந்தது, இயர்போன் ஒயரே ஏரியல். இப்போது வருகிற பல போன்களில் இயர்போன் செருகும் ஓட்டையே இல்லை. 2023-ல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு, எஃப்எம்மை அடைத்து வைக்காதீர்கள் என்று அறிவுரை அனுப்பியது. அறிவுரைதானே, அதற்கு யார் பயப்படுகிறார்கள்? ஆப் மூலம் கேட்கலாமே என்பான் அடுத்து. டேட்டா தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. அப்பா வருஷம் முழுக்கக் கட்டிய 15 ரூபாய்க்கு இன்று ஒரு நாள் டேட்டா வருமா என்பதே சந்தேகம்.

அப்பாவின் பழைய பெட்டியையாவது ஒப்பேற்றலாம் என்றால், டயல் நூல் அறுந்துவிட்டது, வால்யூம் கண்ட்ரோல் கரகரவென்கிறது. போதாக்குறைக்கு அக்கம்பக்கத்து எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாம் சேர்ந்து மீடியம் வேவ் முழுக்க "கொர்ர்" என்று ஓர் இரைச்சல். 2017 ஏப்ரல் கடைசியில் பிபிசி தமிழோசையும் சிற்றலையை விட்டுப் போய்விட்டது. எங்கள் சுரங்கமோ அதற்கும் வெகு முன்பே, 2001 பிப்ரவரி 28-ல், மூடிவிட்டது. அதே வருஷம் ஜூலையில் பெங்களூரில் தனியார் எஃப்எம் ஆரம்பம். நாங்கள் வேலை தேடி அதிகாலை ரயிலில் அங்கே போக ஆரம்பித்தோம், அங்கிருந்து இங்கே பாட்டுகூட ஒழுங்காக வரவில்லை.

ஆண்டர்சன்பேட்டை, உரிகம், மாரிகுப்பம் பக்கம் டயல் நூல் கோர்க்கத் தெரிந்த பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இன்னும் கடை வைத்திருந்தால் தயவுசெய்து சொல்லி அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பரணில் மீடியம் வேவ் பெட்டி கிடந்தால், அதைப் பழைய சாமான்காரருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.