ஊசிக்கு வழி இருக்கிறது, ரத்தப் பரிசோதனைக்கு வழி எங்கே?

ஓசூர் சிப்காட் ஆலைகளில் மூன்று ஷிப்டுகளிலும் உழைக்கும் மக்களில் பல ரகத்தார் உண்டு. தளி, அஞ்செட்டிப் பக்கம் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. தெலுங்கும் கன்னடமும் பேசும் தோழர்கள் உண்டு. வடநாட்டுத் தோழர்களும் உண்டு. பெண் என்று பிறப்புச் சான்றில் எழுதப்பட்டு, தம்மை ஆண் என்று உணர்ந்து ஆணாகவே வாழும் திருநம்பிகளும் இவர்களோடு சேர்ந்துதான் உழைக்கிறார்கள். அவர்களுடைய உடல்நலம் பற்றிய ஒரு பிரச்சினையை இந்த வாரம் எழுதுகிறோம். சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பவர்களும் கடைசிவரை படிக்கட்டும்; அவர்கள் வீட்டுக் கதையும் இதில் இருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஹார்மோன். மீசை முளைப்பதும் குரல் உடைவதும் தசை திரள்வதும் அதனால்தான். 1935-ல் இதைப் பிரித்தெடுப்பதிலும் செயற்கையாகச் செய்வதிலும் மூன்று விஞ்ஞானக் கூட்டங்கள் போட்டியிட்டன. மூன்றுக்கும் பின்னால் ஐரோப்பாவின் மருந்துக் கம்பெனிகள் நின்றன. லாபம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு அன்றே தெரியும்! இன்று திருநம்பிகள் டாக்டரின் மேற்பார்வையில் இதை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு ரகத்தை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். இன்னொரு ரகம் பத்துப் பன்னிரண்டு வாரம் தாங்கும்.

ஊசி போட்டால் வேலை முடிந்துவிட்டதா? முடியவில்லை. மருந்து குறைந்தால் பலன் இல்லை, மிஞ்சினால் ஆபத்து. இந்த ஹார்மோன் ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. அளவுக்கு மேல் பெருகினால் ரத்தம் குழம்புபோல் கெட்டியாகும். கெட்டியான ரத்தம் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. இதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆள் திடகாத்திரமாகத்தான் தெரிவான். ரத்தத்தைப் பரிசோதித்தால் மட்டுமே தெரியும். சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் மருந்தைக் குறைக்கவோ நிறுத்திவைக்கவோ வேண்டும் என்பது வைத்திய உலகம் வகுத்த எல்லை. அமெரிக்க எண்டோகிரைன் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறையும் ஹார்மோன் அளவையும் ரத்தத்தையும் பார்க்கச் சொல்கிறது. ரத்த அழுத்தம், எடை, கொழுப்பு ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். இரண்டு வார ஊசி போட்ட முதல் சில நாட்களில் அளவு உச்சத்துக்கு ஏறும், பிறகு சரியும். ஆகவே இரண்டு ஊசிகளுக்கு நடுவில் ரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். அப்போது டெசிலிட்டருக்கு 400 முதல் 700 நானோகிராம் இருக்க வேண்டும். நீண்டநாள் ஊசிக்கோ அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு எடுக்க வேண்டும். நாள் தவறினால், போதாத மருந்து போதுமானதுபோல் தெரியும்; மிஞ்சிய மருந்து சரியானதுபோல் தெரியும். ஷிப்டுத் தொழிலாளிக்கு அந்த நாளில் லீவு கிடைக்குமா? காண்டிராக்டரிடம் என்ன காரணம் சொல்லிக் கேட்பான்? லீவு எடுத்தால் ஒருநாள் கூலி போகிறது; காரணம் சொன்னால் வேலையே போகிறது. எனவே வார விடுமுறை என்று வருகிறதோ அன்றுதான் அவனுக்குப் பரிசோதனை நாள். ரத்தத்தின் கணக்கு வேறு, கம்பெனியின் கணக்கு வேறு!

தண்ணீர்ப் பிரச்சினையும் இருக்கிறது. உடலில் நீர் வற்றினால் சிவப்பணுக்களின் பங்கு இன்னும் கூடுதலாகக் காட்டும். ஆண்கள் கழிப்பறைக்குப் போகப் பயம், பெண்கள் கழிப்பறைக்குப் போனால் விரட்டல் என்ற நிலையில், எட்டு மணி நேரமும் தண்ணீரே குடிக்காமல் இயந்திரத்தின் முன் நிற்பவனுடைய ரிப்போர்ட் எப்படி இருக்கும்? அந்தக் காகிதத்தை மட்டும் பார்க்கும் டாக்டர் மருந்தைக் குறைப்பார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு தனி அறை ஒதுக்காத நிர்வாகமல்லவா இங்கே மருந்தின் அளவை நிர்ணயிக்கிறது?

லேப் ரிப்போர்ட்டில் ஆண், பெண் என்று இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஹீமோகுளோபின் பெண்ணுக்கு 12 இருந்தால் போதும், ஆணுக்கு 13 வேண்டும் என்பது கணக்கு. ஆதாரில் பெண் என்றிருக்கும் திருநம்பிக்குப் பெண்ணின் அளவுகோலைப் போட்டுப் பார்க்கிறார்கள். பல காலம் ஊசி போட்டுக்கொண்ட உடலுக்கு அது பொருந்தாது. 16 இருந்தால் ஆபத்து என்று சிவப்புக் குறி விழுகிறது; ஆணுக்கு அது சாதாரண அளவு. 12.5 இருந்தால் சரி என்று வருகிறது. உண்மையில் அது சோகை. நமது நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினர் சோகை பிடித்தவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறியது. கூலிக்காரக் குடும்பத்தில் அரைவயிறு உண்டு வளர்ந்தவனிடம் இந்தச் சோகை சுலபத்தில் மறைந்துகொள்ளும்.

சட்டம் என்ன செய்தது? 2014 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு, தமது பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டத்தின் 15-வது பிரிவு, ஹார்மோன் சிகிச்சைக்கு அரசாங்கமே வசதி செய்ய வேண்டும் என்று எழுதியது. 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் என்று அறிவித்தது. தமிழ்நாடு 2008-லேயே நல வாரியம் அமைத்தது. சென்னை ராஜீவ் காந்தி ஆஸ்பத்திரியிலும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியிலும் தனிப்பிரிவு திறந்தது. இவை போராடிப் பெற்ற நன்மைகள், குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் ஓசூரிலிருந்து சென்னை 300 கிலோமீட்டர். இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்குத்தான் பணம் கட்டும். ரத்தம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்குக் கட்டாது. அத்திப்பள்ளியைத் தாண்டி நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். அங்கே தனியார் லேப் ஒவ்வொரு முறையும் பல நூறு ரூபாய் கேட்கிறது. பணமில்லாதவன் பரிசோதனையை விட்டுவிட்டு ஊசியை மட்டும் தொடர்கிறான்.

புதுக்கோட்டைச் செங்கல்சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்கமாட்டீர்கள். 2006-ல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். உடனே பாலினச் சோதனை நடத்தினார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். ஏழையை அவமானப்படுத்த டாக்டர்களும் லேபும் சில நாட்களுக்குள் கிடைத்தன. ஏழையின் உயிரைக் காக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே டாக்டர்களும் லேபும் கிடைக்காதா?

இப்போது சிரித்தவர்களுக்கு வருவோம். விதையில் அடிபட்டோ, மூளையடிச் சுரப்பி கெட்டோ டெஸ்டோஸ்டிரோன் குன்றிய ஆண்களுக்கும் இதே மருந்துதான், இதே பரிசோதனைதான். லாட்ஜில் அறை எடுத்து "ஆண்மைக் குறைவு" என்று பயமுறுத்திப் பணம் பறிக்கிறார்களே, அவர்களில் எவனாவது ரத்தம் எடுத்துப் பார்த்ததுண்டா? ஜிம்மில் தசை ஏற்றுவதற்கென்று இந்த ஊசி டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாறுகிறது. குறைவில்லாதவன் போட்டுக்கொண்டால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும், விந்தணு வற்றும். வீரியத்துக்குப் போட்டவன் பிள்ளை இல்லையே என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய நேரிடும்!

செய்யவேண்டியது மலையைப் பெயர்க்கும் காரியமல்ல. ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நடக்கிறது. தைராய்டு பார்க்கும் அதே வகைக் கருவியில், தக்க ரசாயனம் வாங்கிவைத்தால், டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கலாம். 2022-ல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியும் ஓசூர் அரசு ஆஸ்பத்திரியும் இந்தப் பரிசோதனையை இலவசமாக, விலாசம் கேட்டு அவமானப்படுத்தாமல், காலை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் நடத்த வேண்டும். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 0.75, முதலாளி 3.25 என்று 2019-ல் நிர்ணயித்தார்கள். தொழிலாளியின் பணம் அதில் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிகளிலும் இந்தப் பரிசோதனை வேண்டும். பரிசோதனை நாளுக்குக் காரணம் கேட்காமல் சம்பளத்தோடு லீவு, தாழ்ப்பாளுள்ள தனிக் கழிப்பறை ஆகிய இரண்டையும் ஓசூர்ச் சங்கங்கள் அடுத்த ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலிலேயே, போனசுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும்.