சேற்றிற் புதைந்த வண்டியும் மலிவு விலை வின்ச்சும்

மாரி மழை தொடங்கி இரண்டு கிழமை சென்றதும் வன்னிப் பகுதியின் உட்தெருக்கள் தமது உண்மை உருவத்தைக் காட்டத் தொடங்கிவிடும். ஆடி மாதத்திற் சைக்கிளில் இலகுவாகச் சென்ற வழியிற் கார்த்திகையில் ஜீப் வண்டியுஞ் செல்ல மாட்டாது. வயலுக்கு உரமூடை ஏற்றிச் செல்வோர், குளக்கட்டைப் பார்வையிடப் போகும் உத்தியோகத்தர், காட்டோரக் கோயிலுக்குக் குடும்பத்துடன் பொங்கலுக்குச் செல்வோர் ஆகிய யாவருக்கும் ஒரே கதிதான். அச்சுவரை சேறு, சக்கரம் சுழலும், வண்டி அசையாது. உழவு இயந்திரம் வைத்திருக்கும் நல்லவர் ஒருவர் அருகில் இருந்தாற் கவலையில்லை. அத்தகையோர் இல்லாத இடத்தில், வண்டியின் முன்புறத்திற் பூட்டப்படும் 'வின்ச்' என்னும் மின் இழுபொறியே துணையாகும்.

இப்பொறி புதியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் எஞ்சிய இராணுவ ஜீப்புகளுக்கான முன்சக்கரப் பூட்டுகளை 1948 இல் அமெரிக்காவிற் செய்யத் தொடங்கிய ஆர்தர் வார்ன் என்பவரது நிறுவனமே, 1959 இற் பொதுமக்களின் வண்டிகளுக்கேற்ற மின் வின்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நெடுங்காலம் அது வசதி படைத்தோர் பொருளாகவே இருந்தது. இக்காலத்திலோ சீனாவிற் செய்யப்படும் வின்ச்சுகள், பெயர்பெற்ற பொறியின் விலையில் மூன்றிலொரு பங்குக்கும் அதனினுங் குறைவாகவுங் கிடைக்கின்றன. "மலிவானதை வாங்கலாமா?" என்று பலர் வினவுகின்றனர். வாங்கலாம் என்பதே எமது கருத்து. ஆனால் மிச்சப்பட்ட பணம் முழுவதையும் பையிற் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாகாது. அதில் ஒரு பகுதியைக் கப்பிக்கும், மரத்திற் சுற்றும் பட்டிக்கும், தோற் கையுறைக்குஞ் செலவிடல் வேண்டும். ஏன் அவ்வாறு கூறுகின்றோம் என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வின்ச்சின்மேற் பெரிய எழுத்தில் 9,500 இறாத்தல், 12,000 இறாத்தல் என்று பொறித்திருப்பர். வாங்குவோர் கண் முதலிற் செல்வது இவ்வெண்ணின் மீதே. வண்டியின் நிறை, அதிலுள்ள சுமை, ஆட்கள் யாவையுஞ் சேர்த்து, அத்தொகையின் ஒன்றரை மடங்குக்குக் குறையாத வின்ச்சைத் தெரிக என்பது பொது விதி. சுமையுடன் 2,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டிக்கு 3,750 கிலோகிராம், அதாவது ஏறக்குறைய 8,300 இறாத்தல் வேண்டும். எனவே 9,500 இறாத்தற் பொறி போதும் என்று தோன்றும். ஆனால் அந்த எண் எப்போது உண்மையாகும் தெரியுமா? வடம் முழுவதும் வெளியே இழுக்கப்பட்டு, உருளையின்மேல் அடிச்சுற்று மாத்திரம் எஞ்சியிருக்கும்போதே. சுற்றின்மேற் சுற்றாக வடம் ஏற ஏற உருளையின் பருமன் கூடி இழுவை குறையும். நான்காவது அடுக்கில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகிவிடும். 9,500 என்று பொறித்த பொறி அப்போது 6,300 இறாத்தலே இழுக்கும். இது விற்பவரின் சூதன்று. எவ்விலைக்கு வாங்கிய வின்ச்சுக்கும் பொருந்தும் இயற்கை. மலிவுப் பொறிகளிற் சில, முதலடுக்கிலேயே எழுதியவாறு இழுப்பதில்லை என்பது வேறு சங்கதி.

இனிச் சேற்றின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க இராணுவத்தின் வண்டி மீட்புக் கைந்நூல்களில் எளிய வாய்பாடு ஒன்று உண்டு. சக்கர மட்டத்துக்குப் புதைந்த வண்டியை அசைக்க அதன் நிறையளவு இழுவை வேண்டும். சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட் அளவுக்குப் புதைந்தால் இரு மடங்கு. அதற்கும் மேலே உடற்பகுதி புதைந்தால் மும்மடங்கு. நமது 2,500 கிலோகிராம் வண்டி மட்காட் வரை புதைந்ததாயின் 5,000 கிலோகிராம் இழுவை வேண்டும். நமது வின்ச்சோ மேலடுக்கில் 2,900 கிலோகிராமை எட்டுவதே அரிது. 12,000 இறாத்தற் பொறியை வாங்கியிருந்தாலும் கணக்கு ஒப்பேறாது.

இங்கேதான் கப்பி வருகின்றது. பள்ளிக்கூடத்திற் பௌதிகம் படிக்கும் பிள்ளைகள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். பக்கத் தகட்டைத் திறந்து வடத்தை இடையிற் கொளுவத்தக்க கப்பி ஒன்றை மரத்தோடு பிணைத்து, வின்ச்சின் வடத்தை அதனூடாகச் செலுத்தி, கொளுக்கியைத் திருப்பிக்கொண்டுவந்து வண்டியின் சட்டத்திலேயே மாட்டினால், இரண்டு வடங்கள் வண்டியை இழுக்கின்றன. இழுவை ஏறக்குறைய இரு மடங்காகும். உராய்வினாற் சிறிது கழியும். வேகம் பாதியாகும். சேற்றிற் கிடக்கும் வண்டிக்கு வேகம் எதற்கு? அன்றியும், வடம் இரட்டிப்பு நீளத்துக்கு வெளியே வருவதால் உருளையின் அடியடுக்குகளே வேலை செய்கின்றன. ஆதலால் பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் மேலதிகப் பணத்திலும் ஒரு கப்பிக்குக் கொடுக்கும் பணம் கூடிய பயன் தருவதாகும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. கப்பியைப் பிணைத்த பட்டியும் இரும்புச் சக்கிளும் அந்த இரட்டை இழுவை முழுவதையுந் தாங்குகின்றன. தாங்குஞ் சுமை பொறிக்கப்படாத சக்கிளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கற்க.

மேலும், வின்ச்சைத் தொடுமுன் மண்வெட்டியைத் தொடுதல் நன்று. சக்கரங்களின் முன்னேயுள்ள சேற்றை வெட்டி வழிசெய்து, ரயர்க் காற்றைச் சிறிது குறைத்து, தடிகளைப் பரப்பிவிட்டால் வேண்டிய இழுவை வெகுவாகக் குறையும். கால் மணி நேர வெட்டு வேலைக்கு அஞ்சி, பொறியைப் புகையவிட்டவர்கள் பலர்.

வடம் இரு வகை. உருக்குக் கம்பி வடம் மலிவானது; கல்லிலும் மணலிலும் உராய்ந்தாலும் தாங்கும். ஆனால் பாரமானது, துருப்பிடிக்கும், அறுந்த கம்பி இழைகள் ஊசிபோற் கையைக் கிழிக்கும். மற்றையது செயற்கை நார் வடம். கடைகளிற் சாமான் கட்டித்தரும் பொலித்தீன் பைக்கும் இவ்வடத்துக்கும் மூலப்பொருள் ஒன்றே என்றாற் பலர் நம்பமாட்டார்கள். நார்களை ஒழுங்குபட நீட்டி முறுக்கிய விதத்தாலேயே அது உருக்கோடு போட்டியிடும் வலிமையைப் பெறுகின்றது. நீரில் மிதக்கும், ஒரு சிறுவனுந் தூக்கத்தக்க நிறையே உடையது, அறுந்தாலும் உருக்கு வடத்தைப்போல் அத்துணை வன்மையாய் வீசாது. எனினும் வெயிலும் மணலும் கூரிய விளிம்பும் அதற்குப் பகை. ஏறக்குறைய 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். மலிவான வின்ச்சுகளிற் பெரும்பாலானவற்றின் பிறேக் உருளைக்குள்ளேயே அமைந்திருப்பதால், சுமையைச் சரிவிற் பின்னோக்கி இறக்கும்போது உருளை கொதித்து, அதனை ஒட்டிய சுற்றுகளைக் கெடுத்துவிடும். நார் வடம் பூட்டியவர்கள் வண்டியை வின்ச்சினாற் சரிவில் இறக்குவதைத் தவிர்த்தலே நன்று.

எவ்வடமாயினும் அது முறுகி நிற்கும்போது அதன் அருகே மனிதர் நிற்றலாகாது. எம்மூர்களில் வண்டி ஒன்று புதைந்துவிட்டால் பார்க்கக் கூடுவோருக்குக் குறைவில்லை. ஒருவர் "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று ஊக்குவிப்பார். சிறுவர்கள் வடத்தைத் தாண்டித் தாண்டி விளையாடுவர். ஆயிரக்கணக்கான இறாத்தல் இழுவையில் நிற்கும் வடமோ, கொளுக்கியோ, சக்கிளோ அறும்போது, எச்சரித்து விலகுவதற்குக் கணப்பொழுதும் இராது. பறக்கும் இரும்பு தலையிற் பட்டால் உயிர் போகும். காலிற் பட்டாற் கால் போகும். ஆகவே இழுக்கத் தொடங்குமுன் யாவரையும் வடத்தின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் அனுப்பிவிடல் வேண்டும். கப்பி மாட்டியிருந்தால் இரு வடங்களுக்கும் இடைப்பட்ட முக்கோணத்துள் ஒருவருங் கால் வைக்கலாகாது. அறுந்த வடம் அப்பக்கமாகவே வீசும். வடத்தின் நடுவே நனைந்த சாக்கு ஒன்றையோ தடித்த போர்வையையோ போட்டால், அறும் வடத்தைப் பாரம் நிலத்தை நோக்கி இழுக்கும். பழைய லொறிச் சாரதிகள் செய்துவந்த இவ்வழக்கம் இன்றும் நல்லதே. பார்வையாளர் விலக மறுத்தால் இழுப்பதை நிறுத்திவிடலாம். வண்டி அங்கேயேதான் கிடக்கும், ஓடிவிடாது.

பிணைப்பதற்கு மரம் தேடும்போது பச்சை மரமாகத் தேடுக. பாலை, முதிரை, வீரை போன்ற வேரூன்றிய மரங்கள் உகந்தவை. பட்டுப்போன மரம் எவ்வளவு பருத்திருந்தாலும் வேண்டாம். மூன்று அங்குல அகலமுள்ள பட்டியை மரத்தின் அடிப்பாகத்தோடு சேர்த்துச் சுற்றல் வேண்டும். வடத்தையே மரத்திற் சுற்றி அதன் கொளுக்கியை அதே வடத்தில் மாட்டுவது இங்கு பெருவழக்காய் இருக்கின்றது. அது மரத்தின் பட்டையை அறுக்கும், வடத்தையும் முறிக்கும். சில மணற்பரப்புகளில் மரமே கிடையாது. அங்கே மேலதிகச் சக்கரத்தை மூன்றடி ஆழத்திற் செங்குத்தாகப் புதைத்து, பட்டியை அதனூடே கட்டி, இழுக்குந் திசையில் ஒரு சாய்வாய்க்கால் வெட்டிவிட்டால் நங்கூரம்போல் நிற்கும். வேலைதான் கடினம்.

மின் தொடர்பைப் பற்றியும் சில சொற்கள். முழுச் சுமையில் 9,500 இறாத்தல் வின்ச், 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து 400 அம்பியர் அளவு மின்னோட்டத்தை உறிஞ்சும். வண்டியின் இரு முன்விளக்குகளுஞ் சேர்ந்து எடுப்பது 10 அம்பியர் அளவே என்பதை இத்துடன் ஒப்பிட்டு நோக்குக. ஆகையால் இயந்திரத்தை ஓடவிட்டே இழுத்தல் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்காது, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, சுட்டால் ஆறவிடல் வேண்டும். மலிவுப் பொறிகளில் முதலிற் கெடுவது பற்சக்கரமன்று. மின்காந்த ஆளிகளைக் கொண்ட சிறு பெட்டியே. அதனுள் நீர் புகும். சில வேளை ஆளியின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது கையிலுள்ள பொத்தானை விட்டபின்னும் வின்ச் இழுத்துக்கொண்டேயிருக்கும். இதற்காகப் பற்றரிக்கும் வின்ச்சுக்கும் இடையே, கையெட்டும் இடத்தில், முழு மின்னோட்டத்தையுந் துண்டிக்கும் பேராளி ஒன்றைப் பூட்டுவித்தல் இன்றியமையாதது. பொறியோடு இது வருவதில்லை. தனியே வாங்கல் வேண்டும்.

பூட்டும்போது பம்பர்த் தகட்டோடு பூட்டாது, வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைந்த தடித்த உருக்குத் தட்டிற் பூட்டுவிக்குக. இவ்வளவுப் பொறிகளிற் பெரும்பாலானவற்றின் ஆணித்துளைகள் 10 அங்குலத்துக்கு 4½ அங்குலமாகவே அமைந்திருப்பதாற் பட்டறையிற் சிக்கல் இராது.

வேறொரு சங்கதியையும் ஈண்டுக் கூறவேண்டியுள்ளது. கிணறு தூர்வாருங் காலத்தில் ஆளை இறக்கவும் ஏற்றவும் ஜீப் வின்ச் வசதியானது என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வின்ச்சுகள் மனிதரைத் தூக்குவதற்கு ஆக்கப்பட்டவையல்ல. செய்தவர்களே தமது கைந்நூலில் அதனைத் தடுத்திருப்பர். பிறேக் நழுவினால் உள்ளிருப்பவருக்கு இரண்டாவது பாதுகாப்பு ஒன்றுமில்லை. கிணற்றுக்குத் துலாவும் கயிறும் நாலு பேர் கையுமே போதும்.

புதிதாக வாங்கிய வின்ச்சின் வடம் தொழிற்சாலையில் தளர்வாகவே சுற்றப்பட்டிருக்கும். அப்படியே சேற்றுக்குக் கொண்டுபோனால் மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே புதைந்து இறுகிக்கொள்ளும். எனவே மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறுந் தரையில், உருளையில் ஐந்து சுற்றுகள் மாத்திரம் எஞ்சும்வரை வடத்தை வெளியே எடுத்து (நார் வடமாயின் எட்டுப் பத்துச் சுற்றுகள் எஞ்சவிடுக), ஒரு மரத்தோடு பிணைத்து, பிறேக்கை இலேசாக மிதித்தபடி வண்டியைத் தானே இழுத்துவரச் செய்து, சுற்றுக்குச் சுற்று நெருக்கமாகச் சுற்றிக்கொள்ளுக. கையுறை அணிந்து, விரல்கள் உருளைக்கு அருகே செல்லாதவாறு, கொளுக்கியிற் கட்டிய சிறு வாரைப் பிடித்து வழிநடத்தினாற் போதும். கடைசி மூன்று அடியை மிக மெதுவாகச் சுற்றுக.