சரக்கு ஒருத்தருக்கு, இறக்கு கூலி லாரிக்கா?

டீசல் விலை ஏறினால் கத்துகிறோம், டோல் ஏறினால் கத்துகிறோம். இந்த இறக்கு கூலியைப் பற்றி மட்டும் யாருமே வாய் திறப்பதில்லை. ஏன்? அது கணக்கிலேயே வராத காசு. பில் கிடையாது, ரசீது கிடையாது, லாரிக்காரன் பையிலிருந்து போகிறது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுப் பிழைப்பு ஒரு ஐச்சர் வண்டி. மாதவரம் குடோனில் டைல்ஸ் ஏற்றி, சூரப்பட்டு, வானகரம் இரண்டு டோலும் கட்டி, வண்டலூரில் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் தாண்டி சிறுசேரி வந்து சேர வேண்டும். டிராபிக்கில் நின்று நின்று வருவதற்குள் பாதி நாள் போய்விடும். சரி, அது தொழில். வாடகை பேசித்தானே வண்டி எடுக்கிறோம்? வயிற்றெரிச்சல் எல்லாம் சைட் கேட்டில்தான் ஆரம்பிக்கிறது.

"அண்ணே, இறக்கு கூலி யார் தர்றாங்க?" லோடுமேன் மேஸ்திரி கேட்பார். நியாயமான கேள்வி. சூப்பர்வைசரிடம் போனால், "எனக்குத் தெரியாதுப்பா, ஆபீஸ்ல கேளு." பார்ட்டிக்குப் போன் போட்டால், "வாடகையிலேயே எல்லாம் சேர்த்திதானே?" டிரான்ஸ்போர்ட்காரரிடம் கேட்டால், "பார்ட்டிகிட்ட வாங்கிக்க." சரக்கோடு வரும் லாரி ரசீதை, அதாவது எல்.ஆரைப் பிரித்தால் எடை, பெட்டிக் கணக்கு, ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் இருக்கும். இறக்கு கூலி யாருடையது என்று ஒரு வரி இருக்காது. நாலு பேர், நாலு பதில். வண்டி மட்டும் வெயிலில் நிற்கும்.

கடைசியில் யார் தருகிறார்? டிரைவர். மேஸ்திரிக்கு ஜிபே போட்டுவிட்டுத்தான் தார்ப்பாயை அவிழ்க்கிறார். போடாமல் என்ன செய்வார்? சரக்கு இறங்கினால்தான் எல்.ஆர். காப்பியில் சீலும் கையெழுத்தும் விழும். அந்தக் காப்பி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பாக்கி வாடகை வரும். பிடி சரக்கு வாங்குகிறவர் கையில் இருக்கிறது. ஐந்து டன் டைல்ஸைத் திருப்பி மாதவரத்துக்கா ஓட்டிக்கொண்டு போக முடியும்?

லோடுமேன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, நம்புங்கள். ஒரு டைல்ஸ் பெட்டி 25 கிலோவுக்கு மேல் இருக்கும். கட்டியிருக்கிற பிளாஸ்டிக் பட்டை விரலை அறுக்கும் என்று பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி விரலில் மாட்டிக்கொண்டு தூக்குகிறார்கள். லிஃப்ட் போடாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குச் சுமந்துவிட்டு வருகிறவன் காசு கேட்பது தப்பா? கண்டிப்பாகத் தர வேண்டும். யார் தர வேண்டும் என்பதுதான் கேள்வி.

இதற்கு உலகம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1980-லேயே மோட்டார் கேரியர் சட்டத்தில் எழுதி வைத்தார்கள்: ஏற்றவோ இறக்கவோ ஆள் வேண்டும் என்று சரக்கு அனுப்புகிறவரோ வாங்குகிறவரோ சொன்னால், ஆள் கொடுப்பதோ அந்தச் செலவைக் கொடுப்பதோ அவர் பொறுப்பு. அங்கேயும் டிரைவர்கள் புலம்பத்தான் செய்கிறார்கள். ஆனால் எடுத்துக் காட்ட ஒரு சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிராவில் 1969-லிருந்து சுமைத் தொழிலாளர்களுக்கான மாத்தாடி சட்டம். வேலை வாங்குகிறவர் கூலியோடு லெவியும் சேர்த்து வாரியத்தில் கட்ட வேண்டும். வடக்கே லாரிக்காரர்கள் "ஜிஸ்கா மால், உஸ்கா ஹம்மால்" என்று கோஷமே போடுகிறார்கள். யார் சரக்கோ, சுமைக்கூலியும் அவரே பார்க்கட்டும் என்கிறார்கள். நம்மிடமும் 1982-லிருந்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது. சைட் கேட்டில் நிற்கிற டிரைவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

கேரளாவைப் பாருங்கள். மூட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே நோக்குகூலி. 2018 மே 1-லிருந்து அது கூடாது என்று அரசே அறிவித்தது. அப்புறமும் 2021-ல் தும்பாவில் விண்வெளி மையத்துக்கு இயந்திரம் கொண்டுவந்த வண்டியை மறித்துப் பத்து லட்சம் கேட்டார்கள். விண்வெளி மையத்துக்கே அந்த நிலைமை என்றால் ஒத்தை வண்டிக்காரன் எந்த மூலை?

நம் ஊரிலும் இது லாரியோடு நிற்கவில்லை. டெல்டாவில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் பிடுங்குகிறார்கள் என்று வருஷா வருஷம் புகார் வருகிறது. அங்கேயும் இதே கதைதான். மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு நெல்லைக் குவித்து வைத்திருக்கிறவன் அதைத் திருப்பி எடுத்துப் போக முடியாது. யாரால் திரும்பிப் போக முடியாதோ அவன் தலையில்தான் செலவு விழும். இந்த வழக்கத்துக்குப் பெயர் நடைமுறையா? அநியாயம் என்றுதானே சொல்ல வேண்டும்?

பெரிய போராட்டம் எல்லாம் வேண்டாம். எல்.ஆர். போடும்போதே ஒரு வரி எழுதுங்கள்: இறக்கு கூலி, சரக்கு பெறுபவர் பொறுப்பு. வாடகையில் சேர்த்திதான் என்றால் எவ்வளவு சேர்த்தி என்று அதையும் எழுதுங்கள். படூரிலோ நாவலூரிலோ கேளம்பாக்கத்திலோ வீடு கட்டுகிறவர்களே, கடையில் டைல்ஸோ சிமெண்டோ புக் பண்ணும்போது "இறக்கு கூலி யாருது?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வண்டி வாசலுக்கு வந்த பிறகு டிரைவரைப் பார்த்துக் கேட்காதீர்கள். அவர் கொண்டுவந்தது உங்கள் சரக்கு. அதை இறக்குகிற கூலியும் உங்களுடையதுதான்.