ஒருவன் புகாரல்ல, வகுப்பின் புகார்!

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை நாலு பேர் சூழ்ந்துகொண்டு மிரட்டுகிறார்கள். கையிலிருக்கும் காசைப் பிடுங்குகிறார்கள். சாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, அப்பன் தொழிலைச் சொல்லி ஏசுகிறார்கள். சுற்றி முப்பது பேர் நின்று பார்க்கிறார்கள். "பிள்ளைகள் விளையாட்டு" என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

விளையாட்டா இது?

2023 ஆகஸ்டு 9 இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் வேற்று நாட்டுப் பகைவர்களா? இல்லை, உடன் படித்த மாணவர்கள்! தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த அவன் செய்த குற்றம், பள்ளியில் தான் பட்ட கொடுமையை ஆசிரியர்களிடம் சொன்னது ஒன்றுதான். படுக்கையிலிருந்து மீண்ட அந்தப் பிள்ளை 2024ஆம் ஆண்டுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். அவன் தோற்கவில்லை. தோற்றது நாம்!

"நாங்குநேரி எங்கே, சடையங்குப்பம் எங்கே?" என்று தோழர்கள் கேட்கலாம். பர்மா நகர்ப் பிள்ளையும், இருளர் காலனிப் பிள்ளையும், ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஊர் இது. எவன் எந்தத் தெரு என்று பார்த்து ஏசுகிற புத்தி இங்கே நுழைய எத்தனை நாளாகும்?

நாங்குநேரி தரும் பாடம் என்ன? "ஆசிரியரிடம் சொல்" என்பது சரியான அறிவுரைதான். ஆனால் தனியொருவன் சொன்னால் பழி அவன் ஒருவன் தலையில் விழுகிறது. இதைத் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மேஸ்திரியின் கொடுமையை எதிர்த்து ஒருவன் மட்டும் மனுக் கொடுத்தால் மறுநாள் அவனுக்கு வேலை இல்லை. நூறு பேர் கையெழுத்திட்டால் நிர்வாகம் கூப்பிட்டுப் பேசும். 1918இல் நம் வடசென்னையிலே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த உண்மையிலிருந்துதான். மில்லுக்குப் பொருந்துவது வகுப்பறைக்குப் பொருந்தாதா?

கனடா நாட்டில் டொராண்டோ பள்ளிகளில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். கொடுமை நடந்த நூறு தடவையில் 88 தடவை மற்றப் பிள்ளைகள் உடனிருந்தார்கள். குறுக்கிட்டது 19 தடவைதான். ஆனால் குறுக்கிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை, பத்தே வினாடியில் கொடுமை நின்றது! கூட்டத்தின் சிரிப்புத்தான் முரடனுக்குக் கூலி. கூலி நின்றால் வேலையும் நிற்கும்.

ஆகவே மாணவத் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறோம்: சிரிக்காதே. செல்போனில் படம் பிடித்துப் பரப்பாதே. அடிபடுகிறவன் பக்கத்தில் போய் நில். "வா, போகலாம்" என்று அழைத்துக்கொண்டு வா. கத்தி, கம்பு தெரிந்தால் வீரம் காட்டாதே. ஓடிப்போய்ப் பெரியவர்களைக் கூட்டி வா. பிறகு நாலைந்து பேராகச் சேர்ந்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். இது காட்டிக்கொடுப்பது அல்ல, காப்பாற்றுவது. 1098 என்ற எண்ணும், கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் இதற்காகவே இருக்கின்றன.

சாதி என்று வந்தால் கூட்டம் பிளந்துவிடும் என்பார்கள். உண்மைதான். 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதியாகப் பிளந்தார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, வேலைநிறுத்தம் தோற்றது. லாபம் யாருக்கு? முதலாளிக்கு! அந்தக் கசப்பைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்கலாமா?

நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு பள்ளியில் கூடாது. எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த 'சமூக நீதி மாணவர் படை' வேண்டும். பெரிய பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றது. வேடிக்கை பார்க்கும் மாணவனைக் காவலனாக மாற்றும் வழி இதில் இருக்கிறது. அறிக்கை அலமாரியில் தூங்குவதற்கல்ல!

தோழர்கள் செய்ய வேண்டியது என்ன? பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரு ஷிப்டு போனாலும் போகட்டும். புகார் கொடுத்த பிள்ளைக்கு, கொடுத்த அன்று மாலையே என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். குற்றம் செய்தவன் நம் வீட்டுப் பிள்ளையானாலும் மூடி மறைக்காதீர்கள். அவனையும் திருத்த வேண்டும்.

வீட்டில் மகனிடம் "அடி வாங்கினாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அடிபட்டவன் பக்கத்தில் நின்றாயா?" என்றும் கேளுங்கள். சங்கம் கற்றுத் தரும் முதல் பாடம் அதுதான்.