கோழிப்பண்ணை வாசலில் உலக அரசியல்

சர்வதேச உறவுகளை முதுகலையில் படிப்பது குடிமைப் பணித் தேர்வுக்கான முன்தயாரிப்பு என்றோ, தூதரகப் பணியை நாடுவோருக்கு மட்டுமே உரியது என்றோ கருதும் போக்கு சேலம், நாமக்கல் பகுதிகளில் இன்னும் மாறவில்லை. நாடுகள் போரிடுவதையும் உடன்படுவதையும் வணிகம் நடத்துவதையும், அவற்றுக்கு விதி வகுக்கும் பன்னாட்டு அமைப்புகளையும் ஆராயும் இத்துறை, முதல் உலகப் போரின் பேரழிவுக்குப் பின் 1919-இல் வேல்ஸின் அபரிஸ்ட்வித்தில் தனிப் பேராசிரியர் இருக்கை பெற்றது. இந்தியாவில் அதற்கென 1955-இல் டெல்லியில் தோன்றிய ஆய்வு நிறுவனம் 1970-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. தலைநகரில் வேரூன்றியதாலேயே அது தலைநகரத்துப் படிப்பாகிவிடாது என்பதற்கு நாமக்கல் முட்டையே போதுமான சான்று.

2024-இல் இந்திய முட்டைகளுக்குப் புதிய இறக்குமதி அனுமதி வழங்குவதை ஓமன் நிறுத்தியதும், எடை குறைந்த முட்டைகளுக்குக் கத்தார் கட்டுப்பாடு விதித்ததும் நாமக்கல் பண்ணைகளை நேரடியாகத் தாக்கின. இத்தகைய தடைகளைப் பண்ணையாளர்கள் விலைச் சிக்கலாக மட்டுமே எதிர்கொள்ள நேர்வதற்குக் காரணம், அவற்றின் பின்னுள்ள விதிகளைப் படித்தறிந்து வாதிடக்கூடியவர்கள் உள்ளூரில் அரிதாக இருப்பதே.

அவ்விதிகளுள் முதன்மையானது உலக வர்த்தக அமைப்பின் சுகாதார, தாவர நல உடன்படிக்கை. நோயை முன்னிட்டு ஒரு நாடு விதிக்கும் தடைக்கு அறிவியல் அடிப்படை இருக்க வேண்டும் என்பதும், நோய் கண்ட பகுதியையும் நோயற்ற பகுதியையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். பறவைக் காய்ச்சலைக் காட்டி அமெரிக்கக் கோழிப் பொருள்களுக்கு இந்தியா விதித்த தடையை எதிர்த்து 2012-இல் அமெரிக்கா தொடுத்த வழக்கில், 2015-இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நோயற்ற பகுதிகளை ஏற்க மறுத்ததும், முறையான இடர் மதிப்பீடு இல்லாததும் இந்தியாவின் குறைகளாகச் சுட்டப்பட்டன. வட மாநிலம் ஒன்றில் நோய் கண்டதற்காக நாமக்கல் முட்டையைத் தடுக்கக் கூடாது என்று வாதிட வேண்டிய பண்ணையாளருக்கு, தம் நாடே எதிர்த்து நின்ற அக்கோட்பாடுதான் இன்று பாதுகாப்பு. 2023-இல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் 26 பண்ணைத் தொகுதிகளை நோயற்றவை என உலக விலங்கு நல அமைப்பிடம் இந்தியா அறிவித்ததும் இந்தக் கோட்பாட்டின் வழியிலேயே. இறக்குமதியாளராக ஒரு நிலையும் ஏற்றுமதியாளராக வேறொரு நிலையும் எடுக்கும் அரசின் நலன்கள் எவ்வாறு முரண்படுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இவ்வட்டாரத்துக்கு அயலுறவு புதிதன்று. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தாரும் முன்னாள் சென்னை மாகாண முதல்வருமான ப. சுப்பராயன் 1949-இல் இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதரானார். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, அணு ஆயுதச் சோதனையை நிறுத்தக் கோரி 1962-இல் வாஷிங்டனில் அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தார். இரண்டாம் உலகப் போரால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது வளர்ந்ததே சேலத்தின் ஜவ்வரிசித் தொழில். திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளோ ஆப்பிரிக்க நாடுகள் வரை சென்று வேலை செய்கின்றன. முதுகலை ஆய்வேட்டுக்கு அமெரிக்க, சீனப் போட்டியையே நாடும் இப்பகுதி மாணவர்கள், அந்த வண்டிகளோடு செல்லும் தொழிலாளரின் விசா, ஊதியம், பாதுகாப்பு ஆகியவற்றை இருநாட்டு உடன்பாடுகள் எந்த அளவுக்குக் காக்கின்றன என்று ஆராயத் தொடங்கலாம். அதற்கான தரவு திருச்செங்கோட்டு ரிக் உரிமையாளர்களிடமும், ஊர் திரும்பிய தொழிலாளர்களிடமும் இருக்கிறது.