யார் சொல்ல வைத்த பொய்?

விசுவாசம், நீதி, அரசியல் என்று எழுதிக்கொண்டிருந்தவன் சில வருஷமாக எழுதவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் சபை மூப்பர் ஒருவர் சொன்னதுதான் காரணம்: "தம்பி, கிறிஸ்தவன்னு பேரு போட்டு எழுதாதப்பா. எவனாச்சும் அதைத் தாலுகா ஆபீசுல கொண்டுபோய்க் குடுத்தா ஒம்பிள்ள சர்டிபிகேட் போயிரும்." அவர் கோழை இல்லை. கணக்குத் தெரிந்தவர். நானும் பேனாவை மூடிவிட்டேன்.

மறுபடி திறக்க வைத்தது ஒரு பிரசங்கம். "ரிஜிஸ்தர்ல இந்து, ஞாயித்துக்கிழமை கிறிஸ்தவன். இது பொய்ச்சாட்சி" என்றார் போதகர். பாதிச் சபை தலை கவிழ்ந்தது. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக் குமுளி மலையேறி ஏலத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற பெண்கள் அவர்கள். ஓய்வுநாளில் இதுவும் கேட்க வேண்டியிருக்கிறது.

அய்யா போதகரே, இந்தப் பொய்யை எழுதிக்கொடுத்தது யார்? 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனுக்கும் முஸ்லிமுக்கும் கதவு சாத்தியே கிடக்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய நமக்குக் கிடைப்பது பி.சி. சான்று. ஊர்க்காரனுக்குப் பறையன், தாசில்தாருக்கு பி.சி.! 1989ல் போடிப் பக்கம் வீடுகளைக் கொளுத்தியவன் எவனும் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுவிட்டுத் தீ வைக்கவில்லை. அதே 1989ல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும் அதைக் கேட்கிறது.

மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007லேயே எழுதிக்கொடுத்தது. அது போதாதென்று 2022ல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டு, கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சலுகைக்காக இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போதகர் சொன்னதைத்தான் கோர்ட்டும் சொல்கிறது.

டில்லியைத் திட்டியாயிற்று. நம்ம வீட்டு லட்சணம் என்ன? 1847லேயே மதுரை அமெரிக்கன் மிஷன், சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்றது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னபோது எழுந்து போனவர்கள் உண்டு. 2008ல் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும் கத்தோலிக்கர்தான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் வைத்தார்கள். இப்படியிருக்க, வருஷம்தோறும் ஆகஸ்ட் 10ல் கறுப்புக்கொடி பிடித்து, "கிறிஸ்தவத்திலும் சாதி இருக்கிறது, உரிமை கொடு" என்று அரசாங்கத்திடம் கேட்கிறது திருச்சபை. பங்குக்குள் ஒருவன் எழுந்து அதையே கேட்டால், "இங்க ஏதுப்பா சாதி? எல்லாரும் கர்த்தருடைய பிள்ளைகள், உட்காரு" என்கிறது. இதற்கு என்ன பேர் போதகரே? பொய்ச்சாட்சி பற்றிய அடுத்த பிரசங்கத்தை ஆயர் மாளிகையில் வைத்துக்கொள்ளலாமே.

யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன ராஜாவிடம், "நாங்க போறதுக்குள்ள பிரசவமாயிருது" என்று கூசாமல் சொன்னார்கள். பிள்ளைகள் பிழைத்தன. கர்த்தர் அவர்களுக்கு நன்மைதான் செய்தார். வி.ஏ.ஓ. முன்னால் நின்று எங்க ஆத்தாமார் சொல்வதும் அந்த ரகம்தான்.

ஆனாலும் வலிக்காமல் இல்லை. பாரத்தை நிரப்பும்போது மகள் கேட்டாள்: "அப்பா, மதம்னு போட்ருக்கு. என்ன எழுத?" சொன்னேன். எழுதினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேர் போட்டு எழுதத்தான் ஆசை. இந்த வருஷம் அவளுக்குக் காலேஜ் அட்மிஷன். அதனால் இதற்கும் பேர் போடவில்லை. அடுத்ததைச் சீக்கிரம் அனுப்புகிறேன்.