பெண்கள் லக்ரோஸ்: 8 கோப்பை வென்ற பயிற்சியாளர் கதையில் போடி மலைச்சரிவுக்கு என்ன பாடம்?

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் நின்று ‘லக்ரோஸ்’ என்று சொன்னால், ஞள்ளானி மாதிரி ஏதோ புது ஏலக்காய் ரகம் வந்திருக்கு போல என்றுதான் நினைப்பார்கள். அது ஒரு விளையாட்டு. 2028இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பதக்கப் போட்டியாக நடக்கப்போகிறது. அதைச் சேர்க்கும் முடிவு எடுக்கப்பட்டதே இந்தியாவில்தான். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டைச் சேர்த்த அதே கூட்டத்தில் லக்ரோஸையும் சேர்த்தது. கிரிக்கெட் செய்தி முதல் பக்கத்துக்குப் போனது. லக்ரோஸ் கடைசி வரியோடு நின்றுவிட்டது.

விளையாட்டு புதிது என்பதற்காக மட்டும் இது கவனிக்க வேண்டிய விஷயம் அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் லக்ரோஸ் அணிகளை வளர்த்த பயிற்சியாளர்களின் கதை, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. பள்ளியில் நன்றாக ஓடிய, விளையாடிய பெண், கல்லூரிக்கு வந்ததும் ஏன் விட்டுவிடுகிறாள்? விடாமல் இருக்க என்ன வேண்டும்?

லக்ரோஸ் எப்படி விளையாடுவார்கள்?

நுனியில் வலைப்பை கட்டிய கோல். அதில் ரப்பர் பந்தை ஏந்தி ஓட வேண்டும், வீச வேண்டும், பிடிக்க வேண்டும், கடைசியில் ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் அடிக்க வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின், குறிப்பாக ஹோடினசோனி மக்களின் விளையாட்டு இது. பெண்கள் லக்ரோஸ் 1890இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில் தொடங்கியது. 1926இல் பால்டிமோரின் பிரின் மார் பள்ளி வழியாக அமெரிக்காவில் வேரூன்றியது.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 12 பேர். ஒலிம்பிக்கில் நடக்கப்போவது ‘சிக்சஸ்’ என்ற சுருக்க வடிவம்: ஓர் அணிக்கு 6 பேர், 8 நிமிடம் வீதம் நான்கு பகுதிகள். கிரிக்கெட்டுக்கு டி20 எப்படியோ, லக்ரோஸுக்கு சிக்சஸ் அப்படி.

யார் இந்த கெல்லி அமான்டே ஹில்லர்?

சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பெண்கள் லக்ரோஸ் தலைமைப் பயிற்சியாளர். 1990களில் மேரிலாந்து பல்கலைக்கழக அணிக்காக விளையாடி 1995, 1996 ஆண்டுகளில் தேசியக் கல்லூரிக் கோப்பை வென்றவர். அங்கே அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் சிண்டி டிம்ச்சல். மேரிலாந்துக்கு மட்டும் 8 தேசியக் கோப்பைகளை வாங்கிக் கொடுத்த பெண் அவர்.

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1980களில் நார்த்வெஸ்டர்ன் அணியை நடத்தியவரும் இதே டிம்ச்சல்தான். அவர் மேரிலாந்துக்குப் போனார். 1992இல் நார்த்வெஸ்டர்ன் தன் பெண்கள் லக்ரோஸ் அணியையே நிறுத்திவிட்டது. மாணவிகள் தாங்களாகச் சேர்ந்து ஆடும் கிளப்பாக மட்டும் அது பத்து வருஷம் கிடந்தது. மீண்டும் அணி தொடங்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது அழைக்கப்பட்டவர் டிம்ச்சலின் மாணவி கெல்லி. 2002 சீசனில் அணி மறுபடி களம் இறங்கியது.

ஆளே இல்லாத இடத்தில் அணி எப்படி உருவானது?

லக்ரோஸ் அப்போது அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைக்காரர்களின் ஆட்டம். சிகாகோ பக்கம் பள்ளிகளில் விளையாடுபவர்கள் குறைவு. பெயர் பெற்ற வீராங்கனைகள் புது அணிக்கு வர மாட்டார்கள். கெல்லி வேறு வழியில் ஆள் தேடினார். வளாகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரட்டைச் சகோதரிகளைப் பார்த்து, “லக்ரோஸ் ஆடிப் பாக்குறீங்களா?” என்று கேட்டதை அந்த அணியின் கதையாக இன்றும் சொல்கிறார்கள். அதுவரை அவர்கள் கோலைத் தொட்டதே இல்லை. 2005இல் கோப்பை வென்ற அணியில் இருவரும் இருந்தார்கள்.

அந்த 2005 சீசனில் நார்த்வெஸ்டர்ன் 21 ஆட்டம் ஆடி 21ஐயும் வென்றது. இறுதியில் வர்ஜீனியாவை 13-10 என்று தோற்கடித்தது. கிழக்குப் பகுதிக்கு வெளியே இருந்து அந்தக் கோப்பையைத் தொட்ட முதல் அணி அதுதான். தொடர்ந்து 2009 வரை ஐந்து வருஷமும் கோப்பை அவர்களுக்கே. பிறகு 2011, 2012.

ஏலச்செடி நட்டால் மூணாம் வருஷம்தான் காய்ப்பு எடுக்கலாம் என்று போடியில் யாரும் சொல்லிவிடுவார்கள். முதல் வருஷமே காய்க்கலையே என்று யாரும் செடியைப் பிடுங்குவதில்லை. நார்த்வெஸ்டர்னுக்கு நாலாவது சீசனில் காய்த்தது.

தோற்ற வருஷங்களில் என்ன நடந்தது?

இந்தக் கதையில் முக்கியமான பகுதி 2012க்குப் பிறகுதான். அடுத்த கோப்பைக்கு 11 வருஷம் ஆனது. 2022 அரையிறுதியில் நார்த் கரோலினாவுக்கு எதிராக கடைசிப் பகுதியில் பெரிய முன்னிலையோடு இருந்த நார்த்வெஸ்டர்ன், 15-14 என்று தோற்றது. அப்படி ஒரு தோல்விக்குப் பிறகு, “இவங்க காலம் முடிஞ்சுது” என்று சொல்வது எளிது. பல்கலைக்கழகம் பயிற்சியாளரை மாற்றவில்லை. அடுத்த வருஷமே, 2023 இறுதியில் பாஸ்டன் காலேஜை 18-6 என்று வீழ்த்தி எட்டாவது கோப்பை வந்தது. 2024, 2025 இரண்டிலும் இறுதிக்கு வந்து தோற்றார்கள். ஆனாலும் மூன்று வருஷம் தொடர்ந்து இறுதிப்போட்டி.

அந்த நார்த் கரோலினாவின் பயிற்சியாளர் ஜென்னி லெவியின் கதை இன்னும் நீளமானது. 1996இல் அணியின் முதல் சீசனிலிருந்தே பயிற்சியாளர் அவர்தான். முதல் கோப்பை வந்தது 2013இல், 18ஆவது சீசனில். அதன் பிறகு 2016, 2022, 2025 என்று மூன்று. அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியும் 2022 உலகக் கோப்பையை அவர் பயிற்சியில்தான் வென்றது. 17 வருஷம் கோப்பை இல்லாத ஒருவரை நிர்வாகம் பொறுத்துக்கொண்டதன் பலன் இது.

இன்னொன்றும் நடந்தது. கெல்லியிடம் ஆடிய லிண்ட்ஸி மண்டே தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து ஆடிய ஹன்னா நீல்சன் மிச்சிகனுக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆனார்கள். டிம்ச்சல், கெல்லி, மண்டே என்று மூன்று தலைமுறை. ஒரு பெண் நிலைத்தால் அடுத்த வரிசை உருவாகிறது.

பயிற்சியாளர் திறமை மட்டும்தான் காரணமா?

இல்லை. பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1972இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டம், அரசுப் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் எதுவும் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. ஆண்கள் அணிக்கு மைதானம், பயண வசதி, உதவித்தொகை கொடுத்தால் பெண்களுக்கும் நியாயமான பங்கு கொடுத்தாக வேண்டும். பெண்கள் லக்ரோஸுக்கு தேசியக் கல்லூரிக் கோப்பை 1982இல் வந்தது அந்த அலையில்தான்.

சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை என்பதும் உண்மை. 1972இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். பணமும் சம்பளமும் வந்த பிறகு ஆண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். இப்போது பெண்கள் பாதிக்கும் குறைவு. லக்ரோஸ் அதற்கு விதிவிலக்கு. அங்கே தலைமைப் பயிற்சியாளர்கள் இன்றும் பெரும்பாலும் பெண்கள்தான்.

தமிழ்நாட்டில் இப்படி நடந்ததுண்டா?

உண்டு, கால்பந்தில். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் பயிற்சியாளர் மாரியப்பன், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகளைச் சேர்த்து, தங்குமிடம், படிப்பு, கால்பந்து மூன்றையும் ஒரே இடத்தில் கொடுத்தார். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்று வளர்ந்த அந்த அணி இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடியது. கடலூர் மண்ணிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார்.

2018இல் கட்டாக்கில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதியில், பல முறை சாம்பியனான மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகக் கோப்பை எடுத்தது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023இல் தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன். இதெல்லாம் ஒரு வருஷத்தில் வந்த வெற்றி இல்லை. பதினைந்து வருஷம் முன்னால் யாரோ ஒருவர் மைதானத்தை விட்டுப் போகாமல் இருந்ததன் அறுவடை.

போடியில் நிலைமை என்ன?

போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து தினமும் விடியும் முன்பே ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. போடிமெட்டு வழியாகப் போகும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. காய் எடுப்பு பெரும்பாலும் பெண்கள் வேலை. அம்மா காலையில் போய் பொழுது சாயத் திரும்பும் வீட்டில், மூத்த பெண் பிள்ளைக்கு மாலை நேரம் சொந்தம் இல்லை. தண்ணீர் பிடிக்கணும், தம்பி தங்கச்சியைப் பார்க்கணும், உலை வைக்கணும்.

“மலைக்காத்து குடிச்ச பிள்ளை, நல்லா ஓடும்” என்று சொல்வது வழக்கம். ஓடும்தான். ஆனால் காற்று மட்டும் வீராங்கனையை உருவாக்காது. மாலை ஆறு மணி வரை பயிற்சி என்றால் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு? போட்டிக்கு மதுரை போனால் “கூட எந்த டீச்சர் வர்றாங்க?” என்பதுதான் வீட்டில் முதல் கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால் பெயர் பட்டியலில் இருந்தும் அந்தப் பெண் போவதில்லை.

மாவட்டத்தில் விளையாட்டு ஆர்வத்துக்குக் குறைவில்லை. பெரியகுளத்தில் கோடைதோறும் நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு ஊரே கூடும். போடியிலேயே ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரியும் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. பெரியகுளத்தில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. 2010 கடைசியில் நின்ற ரயில் 2023 ஜூனில் போடிக்குத் திரும்பிவிட்டது. மதுரை போய்வருவது முன்பைவிட எளிது.

பொதுவாகக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவர்தான். கபடி, வாலிபால், தடகளம், செஸ் என்று அத்தனைக்கும் அவரே பொறுப்பு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவரே. அவர் மாறுதலாகிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ, அவர் வளர்த்த அணியும் கலைந்துவிடும். 1992இல் நார்த்வெஸ்டர்னில் நடந்ததும் இதே மாதிரியான கதைதான். வித்தியாசம், அங்கே பத்து வருஷம் கழித்தாவது திரும்பத் தொடங்கினார்கள்.

அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவர முடியுமா?

முடியாது. நார்த்வெஸ்டர்ன் பணக்காரத் தனியார் பல்கலைக்கழகம். லக்ரோஸ் அங்கே பெரும்பாலும் வசதியான குடும்பங்களின் விளையாட்டு. அந்தப் பட்ஜெட்டை இங்கே எதிர்பார்ப்பது வீண். லக்ரோஸையே போடிக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் இல்லை. கபடியோ கால்பந்தோ போதும்.

தமிழ்நாட்டில் வேறு பலங்கள் இருக்கின்றன. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3% இடஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரிப் பிரிவு தனியாக நடக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய கேலோ இந்தியா இளையோர் போட்டியில் மாநிலம் 98 பதக்கத்துடன் இரண்டாம் இடம் பிடித்தது. இவையெல்லாம் ஜெயித்த பிறகு கிடைப்பவை, அல்லது ஜெயிக்கக் கிடைக்கும் மேடைகள். ஜெயிக்கும் வரை அந்தப் பெண்ணைக் களத்தில் வைத்திருப்பவர் பயிற்சியாளர். அவருடைய வேலைக்கு என்ன உத்தரவாதம் என்பதுதான் விடுபட்ட கேள்வி.

எதைக் கேட்க வேண்டும்?

பெற்றோரும் கல்லூரி நிர்வாகங்களும் மாவட்ட நிர்வாகமும் கேட்டுக்கொள்ள மூன்று எளிய கேள்விகள் போதும். ஒன்று, கல்லூரியின் பெண்கள் அணிக்கு ஒரே பயிற்சியாளர் தொடர்ந்து எத்தனை வருஷம் இருந்திருக்கிறார்? இரண்டு, அவர் பெண்ணா, இல்லையென்றால் அணியோடு பயணம் போகப் பெண் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? மூன்று, பயிற்சி முடியும் நேரத்துக்கும் ஊர் பஸ்ஸுக்கும் பொருத்தம் இருக்கிறதா?

கோப்பை எத்தனை என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இவை. கெல்லி அமான்டே ஹில்லரின் எட்டு கோப்பைகளுக்கு நடுவே 11 வெறும் வருஷங்கள் இருக்கின்றன. ஜென்னி லெவியின் முதல் கோப்பைக்கு முன்னால் 17 வருஷங்கள். அந்த வருஷங்களில் அவர்கள் வேலையில் இருந்தார்கள், சம்பளம் வாங்கினார்கள், தினமும் மைதானத்துக்கு வந்தார்கள். போடி மலைச்சரிவிலிருந்து கல்லூரிக்கு இறங்கிவரும் பெண்ணுக்கும் முதலில் தேவைப்படுவது, அடுத்த வருஷமும் அதே மைதானத்தில் நிற்கப்போகிற ஒரு டீச்சர்.